துடிப்பு தாங்கின பகையாளி

இலுப்பைக்குறிச்சி ரைபிள் கிளப்பில் ஒரு ஆளின் நாடித்துடிப்பை இன்னொரு ஆள் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, அந்த ஊரில் முதலில் மதிப்பு ஏறியது பகைக்குத்தான். அதுவரைக்கும் பகை கேட்பாரில்லாமல் கிடந்தது. வரப்புத் தகராறு, கோழித் தகராறு, கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை சாம்பார் வராத தகராறு என்று வீட்டுக்கு வீடு கிடந்தது, பெரிய ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் தீர்ந்தும் போனது.

துடிப்பு இடம் மாறத் தொடங்கியது ஒரு ஆடி மாதத்துக் காற்று நாளில். மலையடிவாரத்து மண்மேட்டைப் பார்த்துக் குப்புறப் படுத்துச் சுடுகிறவன் இடது கையில் ஒரு தோல் வாரை இறுக்கிக் கட்டி அதில்தான் துப்பாக்கியைத் தாங்க வேண்டும். இறுக்கினால் கையின் துடிப்பு வாரில் ஏறி, வாரிலிருந்து துப்பாக்கியில் ஏறி, குழாய் முனை துடிப்புக்குத் துடிப்பு எள்ளளவு எகிறும். இங்கே எள்ளளவு எகிறினால் அங்கே ஐம்பது மீட்டரில் உள்ள குறி அட்டையில் பத்துப் புள்ளிக்குப் பதில் ஒன்பதுதான் விழும். படுத்துச் சுடுகிற எல்லோருக்கும் உள்ள தொல்லைதான் அது. அன்றைக்குக் கொத்தனார் மரியசூசை சலித்துப்போய், "இந்தச் சனியன் பிடிச்ச துடிப்பை யாராவது கொஞ்ச நேரம் வச்சிக்கிடுங்களேன்" என்று கையைப் பின்னால் நீட்ட, பின்னால் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்த தபால்காரர் விளையாட்டுக்கு அந்தக் கையைப் பிடிக்க, துடிப்பு இறங்கி அவருடைய மணிக்கட்டுக்குள் போய்விட்டது. மரியசூசை அன்று சுட்டதெல்லாம் பத்து. சுட்டு முடித்துக் கையை நீட்டினார், துடிப்பு திரும்பி வந்தது, தபால்காரர் மிச்சப் பிஞ்சைத் தின்றார்.

அது எப்படி ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. யார் யாருக்கு வாங்கி வைப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது. பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டே ஒரு கையில் துடிப்பை வைத்துக்கொண்டார்கள், பார்பர் கடைக்காரர் மட்டும் கை நடுங்கும் என்று மறுத்துவிட்டார். அடுத்தவர் துடிப்பை வைத்திருக்கும்போது ரத்த அழுத்தம் பார்க்க வரக்கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா வாசலில் எழுதிப் போட்டார். வாங்கினவர் ஓடக்கூடாது, கிணற்றில் இறங்கக்கூடாது, சுடுகிறவரின் கண்ணை விட்டு விலகிப் போகக்கூடாது என்று தானாகவே சட்டம் உண்டாயிற்று. மாவட்டத்தில் ஜெயித்தார்கள், மாநிலத்தில் ஜெயித்தார்கள்.

பிறகு பூதத்தான் செத்துப்போனான்.

பூதத்தான் மினி பஸ் கண்டக்டர்; நல்ல கை. அவன் துடிப்பை அவன் தாய் பேச்சியம்மாள் வாங்கி வைத்திருந்தாள். பெற்றவளைவிடப் பத்திரமான இடம் எது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தாயின் கையில் சுகம் கண்ட துடிப்பு திரும்பிப் போக மறுத்துவிட்டது. அவள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், துடிப்போ உள்ளே சுருண்டு படுத்துக்கொண்டது. பூதத்தானுக்கு வலியும் இல்லை, பயமும் இல்லை. "இருக்கட்டும்மா, அவசரமில்ல" என்றான். நகம் நீலமாயிற்று, உதடு நாவல்பழம் தின்றது போலாயிற்று, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தான், அப்படியே தூங்கினான், எழுந்திருக்கவில்லை. பேச்சியம்மாளுக்கு இன்றும் இரண்டு துடிப்பு. மினி பஸ்ஸின் விசில் கேட்டால் அவளுடைய இடது கை மட்டும் துள்ளும். அந்தக் கையை அவள் யாரையும் தொட விடுவதில்லை.

ஊர் அதோடு விட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். ஜெயித்து ருசி கண்ட ஊர். உரக்கடை குற்றாலிங்கம்தான் கிளப்புக்குச் செயலாளர். அவர் நாலு நாள் சாப்பிடாமல் யோசித்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பிரியம் உள்ள இடத்தில் துடிப்பு தங்கிவிடுகிறது; பகை உள்ள இடத்திலோ, கோடை மதியத்துப் பாறையில் வைத்த வெறுங்கால் மாதிரி, நிற்கமுடியாமல் ஓடி வந்துவிடும். ஆகவே இனிமேல் தாய் கூடாது, தாரம் கூடாது, கூட்டாளி கூடாது. ஆகாதவன்தான் வாங்கி வைக்க வேண்டும். சோதித்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. கையை நீட்டுவதற்குள் துடிப்பு தாவி வந்தது.

அதன் பிறகு ஊரில் சண்டையை ஆறவிடாமல் காப்பது பொதுக்காரியம் ஆகிவிட்டது. கோயில் கொடை விழாவில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் குற்றாலிங்கம் சைக்கிளை மிதித்துப்போய் நடுவில் விழுந்து தடுத்தார். போட்டி நடக்கும் மாதத்தில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி சர்ச் ஃபாதரிடம் போய்க் கேட்டார்கள். அவரும் அந்த மாதம் நோவாவின் பேழையைப் பற்றியே பேசினார். பகை இல்லாத வீட்டுக்காரர்கள் தலை குனிந்து நடந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் மூத்த பகை, முற்றிய பகை, அடிவேர் வரைக்கும் இறங்கின பகை என்றால் அது ஆவுடையப்பனுக்கும் செண்பகராமனுக்கும் இருந்த பகைதான். ஆவுடையப்பன், எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். செண்பகராமன் மாவு மில் வைத்திருக்கிறவர். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே நாளில் துப்பாக்கி பிடித்தவர்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மாநிலப் போட்டியில் பக்கத்துப் பக்கத்து லேனில் படுத்திருந்தார்கள். ஆவுடையப்பன் கடைசிக் குண்டை இன்னும் சுடவில்லை. மூச்சை அடக்கிக் கிடக்கும்போதே அவருடைய அட்டையில் ஏழு புள்ளி வட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. செண்பகராமன் கண் தவறி அடுத்தவர் அட்டையில் சுட்டுவிட்டார். துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டுமே வரும் தவறு அது, குற்றமில்லை, என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் சொன்னவருக்குப் புள்ளியை வெட்டுவார்கள், அவ்வளவுதான். செண்பகராமன் சொல்லவில்லை. இன்னொரு குண்டை எடுத்துத் தன் அட்டையில் சுட்டு எண்ணிக்கையைச் சரிசெய்துகொண்டார். போட்டியை நடத்துகிற ஆபீசர் வந்து கேட்டபோது நேராக மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் கிடந்தார். ஆவுடையப்பன் சுடாத குண்டைக் கையில் தூக்கிக் காட்டினார்; கூடுதலாகக் கொண்டுவந்திருப்பாய் என்றார்கள். அந்த ஏழு ஆவுடையப்பன் கணக்கில் ஏறியது, தேசியப் போட்டிக்குச் செண்பகராமன் போனார். ஆவுடையப்பன் அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை, செண்பகராமனோடு பேசவுமில்லை, மாவு அரைக்க அடுத்த ஊர் மில்லுக்குத்தான் ஆள் அனுப்பினார்.

இந்த வருஷம் இலுப்பைக்குறிச்சி அணி தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. செண்பகராமன், மரியசூசை, எலக்ட்ரிக் கடை காதர் மைதீன் என்று மூன்று பேர். மூன்று பேர் புள்ளியையும் கூட்டித்தான் அணிக்குப் பரிசு. மற்ற இரண்டு பேருக்கும் பழகப் பழகத் துடிப்பு தானாகவே அடங்கியது. செண்பகராமனுக்கு வயது ஏறஏறத் துடிப்பும் ஏறி, பெல்ட் அறுந்த மில் மாதிரி வாரை உதைத்தது. அவர் இதுவரை யாரிடமும் துடிப்பைக் கொடுத்ததில்லை. பூதத்தானுக்குப் பிறகு அவருக்குப் பயம்.

குற்றாலிங்கம் காயில் கட்டுகிற கொட்டகைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, வடக்க ஒரு எட்டு போயிட்டு வரணும்."

"எனக்கு வேலை கிடக்கு வே."

"கோச்சுன்னு சொல்லித்தான் உம்மைக் கூட்டிட்டுப் போறோம். பின்னால ஒரு ஆளுதான் இருக்கலாமாம். மாவு மில்லு துடிப்பை நீருதான் தாங்கணும்."

ஆவுடையப்பன் செம்புக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். "அவன் ஒத்துக்கிட்டானா?"

"அவருதான் சொன்னாரு. ஊரு ஒலகத்துல ஆவுடையப்பனை விட என்னை வெறுக்கிறவன் எவன் இருக்கான், அவன் கையில இருந்தா எனக்குப் பயமில்லன்னுட்டாரு."

பகையாளி தன் பகையை மெச்சிவிட்டான் என்று கேட்கும்போது ஒரு மனிதனுக்கு உண்டாகும் பெருமை சின்னதல்ல. அவனுடைய உயிர் தன் மணிக்கட்டில் கிடந்து துடிக்கப்போகிறது என்ற நினைப்பும் அவருக்கு ருசியாக இருந்தது. தனக்குக் கிடைக்காமல் போன அந்தப் பெரிய ரேஞ்சை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்பது அதற்கும் கீழே, அவரே எட்டிப் பார்க்காத இடத்தில் கிடந்தது. சரி என்றுவிட்டார்.

அவர் மனைவி கோமதி கம்பளிச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "போயிட்டு வாங்க. ஆனா அவரு மேல இரக்கப்பட்டுத் தொலைச்சிராதீங்க."

"நானா? அவன் மேலயா?"

"உங்களைத் தெரியாதா எனக்கு? கடிச்ச நாய்க்கே மறுநாளு சோறு வச்ச ஆளு நீங்க."

அவர் சிரித்தார். ரயில் ஏறின பிறகு அந்தச் சிரிப்பு மெல்லப் பயமாக மாறியது. ஒருவேளை என்று தொடங்குகிற ஒரு நினைப்பு வந்தது. அதை முடிக்காமல் ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

வடக்கே மார்கழிக் குளிர். தங்கின விடுதியில் ராஜஸ்தான் கோச் ஒருவர், தலைப்பாகை கட்டினவர், காதர் மைதீனின் அரைகுறை இந்தியில் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கண்ணை அகல விரிக்கவுமில்லை, நம்பாமல் சிரிக்கவுமில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, உங்களிடம் இன்னொரு பகையாளி உபரியாக உண்டா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் ரேஞ்சில் செண்பகராமன் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு பாயில் படுத்து வாரை இறுக்கினார். சாமான் எடுத்து வைக்கிற சாக்கில் ஆவுடையப்பன் பக்கத்தில் போய்க் குனிந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இத்தனை கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தது. செண்பகராமன் கையை நீட்டினார். ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார். வெந்நீர் இறங்குவது போல ஒன்று இறங்கியது. எழுந்துபோய்ச் சுடுகிறவர்களுக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

மில் பெல்ட் மாதிரி தடதடவென்று திமிரோடு ஒரு துடிப்பு வரும் என்றுதான் அவர் எதிர்பார்த்திருந்தார். வந்ததோ சாக்குக்கு அடியில் மாட்டிக்கொண்ட எலிக்குஞ்சு. ஒலிபெருக்கி கரகரத்தால் பதறியது. பக்கத்து லேனில் எவனோ குண்டுப் பெட்டியைத் தவறவிட்டால் பதறியது. பாயில் கிடந்த செண்பகராமன் கல்லில் செதுக்கின ஆள் மாதிரி அசையாமல் சுட்டார், அவர் பக்கத்துச் சின்னத் திரையில் புள்ளி நடுவிலேயே போய் விழுந்தது, பத்து, மறுபடியும் பத்து; அந்தப் பத்துக்குக்கூட எலிக்குஞ்சு ஒரு துடிப்பு சந்தோஷப்படவில்லை, அடுத்த குண்டை நினைத்து அதற்குள் நடுங்கத் தொடங்கியிருந்தது. இப்படி ஒரு பயத்தை ஆவுடையப்பன் தன் வாழ்நாளில் பட்டதில்லை. இது இன்றைக்கு வந்த பயமில்லை, குளிருக்கு வந்த பயமில்லை, போட்டிக்கு வந்த பயமுமில்லை. இது பிறந்தபோதே கூடப் பிறந்து, பள்ளிக்கூடத்துக்குக் கூடப் போய், கல்யாணத்தில் கூட உட்கார்ந்து, மில்லின் சத்தத்துக்குள்ளே ஒளிந்துகொண்டு, வெளியே ஒருவருக்கும் தெரியாமல் ஒரு ஆளை உள்ளே அரைத்துக்கொண்டிருந்த பயம்.

ஒரு மனிதன் வாய் திறக்காமல் இருப்பதற்குத் திமிர் ஒன்றுதான் காரணம் என்று ஆவுடையப்பன் இத்தனை வருஷமும் நம்பியிருந்தார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஆபீசர் வந்து கேட்ட அந்தப் பழைய மத்தியானத்தில், மண்மேட்டையே பார்த்துக்கொண்டு கிடந்த அந்த ஆளுக்குள் இந்த எலிக்குஞ்சு என்ன பாடு பட்டிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவன் சொல்லாமல் இருக்கவில்லை. அவனுக்கு நாக்கு எழும்பவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கைக் கட்டைவிரல், யாரும் சொல்லாமல், இடது மணிக்கட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் விரலை வெடுக்கென்று எடுத்துத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன் மேலேயே உட்கார்ந்தார். அவசரம் அவசரமாக உள்ளே பகையைத் தேடினார், மடியைத் தடவி வீட்டுச் சாவியைத் தேடுகிறவன் மாதிரி தேடினார், இல்லை. அவன் என் இடத்தைப் பிடுங்கினான் என்றார். அவன் பயந்தான் என்றது மணிக்கட்டு. அவனுக்கு ரயிலடியில் மாலை போட்டார்கள், நான் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன் என்றார். மாலைக்கு அடியிலும் அவன் நடுங்கினான் என்றது மணிக்கட்டு. என் தகப்பனார் சாவுக்கு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனான் என்றார். உள்ளே வர அவனுக்குக் கால் வரவில்லை என்றது மணிக்கட்டு. அவர் எதை எடுத்து நீட்டினாலும் அது வாங்கி வாங்கிக் கீழே வைத்தது. கடைசியில் அவர் துடிப்பே எழுந்துபோய் அந்த எலிக்குஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சரி சரி, ஒன்றுமில்லை, சரி சரி என்று மெதுவாக அடிக்கத் தொடங்கியது. எலிக்குஞ்சு நடுக்கம் குறைந்து, சுருண்டு, சூடு கண்டு, கண்ணை மூடியது.

பேச்சியம்மாளின் கை ஞாபகத்துக்கு வந்தது. ஆவுடையப்பன் நாற்காலி நுனிக்கு வந்து, போட்டி முடியக் காத்திருந்தார்.

போட்டி முடிந்தது. எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தார்கள். செண்பகராமன் எழவில்லை. ஆவுடையப்பன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். கிணற்றுக்குள் கிடந்த கல் மாதிரி இருந்தது கை. ஒன்றும் தாவவில்லை. இறுக்கிப் பிடித்தார், உதறிப் பார்த்தார், மணிக்கட்டோடு மணிக்கட்டை வைத்துத் தேய்த்தார். உள்ளே எலிக்குஞ்சு நிம்மதியாகத் தூங்கியது.

குற்றாலிங்கம் வந்தார், முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். "என்ன வே செஞ்சீரு?"

"நான் ஒண்ணும் செய்யல. அது போகமாட்டேங்கு."

"திட்டும் வே! அவனைத் திட்டும்!"

"வாய் வரல."

செண்பகராமனின் நகம் நீலமாகிக்கொண்டிருந்தது. குற்றாலிங்கம் ஆவுடையப்பனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "உம்ம மக கல்யாணத்தன்னைக்கு வேணும்னே மில்லை ஓட்டினான் வே! நாதஸ்வரமே கேக்கல!"

"நாலு நாளா கரண்ட் இல்ல, அன்னைக்குத்தான் வந்துது. அவன் என்ன செய்வான்."

"உம்ம கொட்டகையைக் குருவிக்கூடுன்னு சொன்னான்!"

"அது குருவிக்கூடு மாதிரித்தான இருக்கு."

மரியசூசை சிலுவை போட்டுக்கொண்டார். காதர் மைதீன் செண்பகராமனின் பாதத்தைப் பிடித்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே, "மச்சான் போயிட்டாரு, மச்சான் போயிட்டாரு" என்று அழத் தொடங்கினார். ஆபீசர் வந்து லேனைக் காலி பண்ணச் சொன்னார். தலைப்பாகை கோச் அந்த ஆபீசரின் தோளைப் பிடித்து ஏதோ சொல்லி அப்பால் கூட்டிப்போனார்.

ஆவுடையப்பன் பாயில் மண்டிபோட்டார். இந்த ஆளை வெறுக்க முடியவில்லை என்றால் இந்த ஆள் செத்துப்போவான். அவன் வீட்டுக்காரி ரயிலடியில் நிற்பாள். அவள் முன்னால் இரண்டு துடிப்போடு இறங்க வேண்டும். "ஏய்," என்றார், "செண்பகராமா." அந்தப் பெயரை அவர் வாய் மறந்திருந்தது. "கூப்பிடும் வே. உம்ம துடிப்பைக் கூப்பிடும்."

செண்பகராமன் கண்ணைத் திறந்தார். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. அந்த முகத்தில் அப்படி ஓர் அமைதியை யாரும் பார்த்ததில்லை.

"அவசரமில்ல வே," என்றார்.

குற்றாலிங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இப்பம் எனக்கு ஒரு பயமும் இல்ல ஆவுடையப்பா. பொறந்ததுலருந்து இப்பிடி ஒரு நாளு இருந்ததில்ல. எவ்வளவு சொகமா இருக்கு தெரியுமா. அது உம்மகிட்டயே கிடக்கட்டும்."

"என்ன பேச்சு வே இது? செத்துருவீரு!"

"பரவால்ல. நீரு தைரியமான ஆளு. உமக்கு அது ஒரு பாரமில்ல." அவர் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தார். "நீரு தாங்குவீரு."

ஆவுடையப்பன் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். அது சாய்ந்த விதத்தைப் பார்த்தார், பட்டு மெத்தையில் சாய்கிற மாதிரி, அடுத்தவன் தலையில் இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிற மாதிரி. நான் தாங்குவேனாமே. நாளைக்கு நான் ரயில் ஏற வேண்டும், ஊருக்குப் போக வேண்டும், மோட்டார் கட்ட வேண்டும், கரண்ட் போனால் நடுங்க வேண்டும், கதவு தட்டினால் நடுங்க வேண்டும், சாகிற வரைக்கும் இவனுக்கும் சேர்த்து நடுங்க வேண்டும்; இவன் மட்டும் சொகமாகப் போவானாம். அடிவயிற்றில் ஏதோ பற்றியது. பழையதில்லை. ஊசிப்போன, ஆறிப்போன, இருபத்திரண்டு வருஷம் ஊறுகாய் போட்ட பகையில்லை. அப்போதுதான் கறந்த பால் மாதிரி நுரையும் சூடுமாக, புத்தம் புதியதாக ஒரு கோபம்.

"நான் தாங்கணுமா? நான் தாங்கணுமால?" ரேஞ்சே திரும்பிப் பார்த்தது. "ஏல, நான் என்ன உங்கப்பன் நட்டு வச்ச சுமைதாங்கிக் கல்லா? நீ வாழத்தண்டு கணக்கா குளுந்துபோய்ப் படுத்துக்கிடுவ, நான் லாரிக்காரன் ஹாரன் அடிச்சாலும் உனக்கும் சேத்துப் பதறணும், என்ன? என் பயம் எனக்குப் போதாதால? எனக்குப் பயமே இல்லன்னு உனக்கு எவன்ல சொன்னான்? நான் ஒவ்வொரு நாளும் பயந்துதான்ல கிடக்கேன்! எவன்கிட்டயாவது கொண்டு குடுத்தேனா? பிடில! பிடில உன் சனியனை! உன்னுதுக்கு நீயே பயந்து சாவுல!"

மணிக்கட்டில் எலிக்குஞ்சு விழித்தது, பதறியது, சுடுகல்லில் விழுந்தது போலத் துள்ளியது, தாவியது.

செண்பகராமன் நீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவர் மாதிரி மூச்சை இழுத்தார். உதட்டில் ரத்தம் ஓடியது. பயம் அத்தனையும் திரும்பி வந்து கண்ணில் ஏறியது. கையும் காலும் நடுங்கப் பாயில் எழுந்து உட்கார்ந்து, நாலு பக்கமும் பார்த்து, குழந்தை மாதிரி உரக்க அழுதார். அவர் நடுங்குவதைப் பார்த்து மரியசூசை ஆண்டவருக்கு நன்றி சொன்னார். ஆவுடையப்பன் எழுந்துபோய்ச் சுவரில் சாய்ந்து தன் கையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. கட்டுக்கு அடங்காமல் அதுவும் நடுங்கியது.

அணிக்கு மூன்றாம் இடம். வெண்கலப் பதக்கத்தைக் குற்றாலிங்கம் தன் கழுத்திலிருந்து கழற்றவேயில்லை. ஆனால் ரயில் ஏறும்போது ஆவுடையப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, உம்ம கையில ஒரு தடவை சொகம் கண்டுட்டு. இன்னும் அது அவன்கிட்ட வேர் பிடிக்கல. பிடுங்கி நட்ட நாத்து மாதிரி. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நீரு அவனைப் பார்த்து மொறச்சிக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் இளகினீரு, தொட வேண்டியதுகூட இல்ல, தானா வந்துரும்."

"எனக்குத் தெரியும் வே," என்றார் ஆவுடையப்பன். அவருக்குத் தெரிந்திருந்தது. பிளாட்பாரத்தில் செண்பகராமன் எதிரே வந்து கும்பிட்டபோது இடது மணிக்கட்டில் ஏதோ குறுகுறுத்தது. உடனே அவர் காறித் துப்பினார்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பகல் முழுக்க வண்டி கடுகு வயலுக்குள் போயிற்று. செண்பகராமன் தூங்கப் பயந்தார். கண்ணை மூடுவதும், திடுக்கிட்டுத் திறந்து ஆவுடையப்பனைப் பார்ப்பதுமாக இருந்தார். எதிரே ஆவுடையப்பன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, புருவத்தை நெறித்து, பல்லைக் கடித்து, கண்ணெடுக்காமல் முறைத்துக்கொண்டிருந்தார். அந்த முறைப்பு அங்கேயே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, செண்பகராமனின் தலை மெல்லச் சாய்ந்தது. காதர் மைதீன் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். ஆவுடையப்பன் வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். முறுக்கைக் கடிக்கிற நேரத்தில் கோபம் குறைந்துவிட்டால் என்ன செய்வது.

மத்தியானத்துக்கு மேல் ஜன்னலில் குளிர்காற்று ஏறியது. செண்பகராமன் போர்த்தியிருந்த துப்பட்டி தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கழுத்தோரத்தில் அவருடைய துடிப்பு தெரிந்தது, சின்னதாக, பதறிப் பதறி. அவர் தூக்கத்திலேயே குறுகினார்.

ஆவுடையப்பனின் கை தொடைக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்து, துப்பட்டியின் நுனி வரைக்கும் நீண்டுவிட்டது. மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்து நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இந்தப் பயலுக்குப் போர்வை ஒரு கேடு!" என்றார்.

செண்பகராமன் விழிக்கவில்லை. கழுத்தோரத்தில் துடிப்பு அதன் இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அதையே பார்த்து முறைத்தபடி, ஊர் இன்னும் எவ்வளவு தூரம் என்று குற்றாலிங்கத்திடம் கேட்டார்.